கெட்டது சென்சார் அல்ல!

இன்பிளான்ட் டிரெயினிங் போய்வந்த ஒவ்வொருவருக்கும் ஏதாவது ஒரு பாடம் கிடைத்திருக்கும். எனக்குக் கிடைத்த பாடத்தில் கொஞ்சம் வெட்கமும் கலந்திருக்கிறது.

ஆண்டிபட்டிப் பக்கம் ஒரு நூற்பாலை. அங்கே ஒரு டிரா ஃபிரேம் மெஷின், ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீர் திடீரென்று நின்றுவிடும். ‘மூடி திறந்திருக்கிறது’ என்று சிவப்பு விளக்கு எரியும். மெஷின் பார்க்கும் அக்காவுக்குத்தான் திட்டு விழும். “நல்லா மூடித்தாம்ப்பா வச்சேன்” என்று அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. நானும்தான்!

மூடி மூடியிருப்பதைக் கண்டுபிடிப்பது, மூடியில் பொருத்திய ஒரு பிராக்ஸிமிட்டி சென்சார். 1958-இல் ஜெர்மனியில் பெப்பெர்ல், ஃபுக்ஸ் நிறுவனத்தார் உருவாக்கிய இண்டக்டிவ் வகை. உள்ளே ஒரு காயில், அதைச் சுற்றி மாறும் காந்தப்புலம். இரும்பு அருகில் வந்தால் அதில் சுழல் மின்னோட்டம் உண்டாகி ஆஸிலேட்டரின் அலைவு தளரும். உடனே அவுட்புட் மாறும். தொடவே வேண்டாம். பஞ்சுத் தூசியும் இதை ஏமாற்றாது.

“சென்சார் போயிருச்சுண்ணே” என்று எலக்ட்ரீசியன் அண்ணனிடம் பெரிய ஆள் மாதிரி சொன்னேன். புதுசு மாட்டினோம். இரண்டு மணி நேரம் ஓடியது, மறுபடியும் நின்றது. “அப்ப அந்தக்கா மேலதான் தப்பு” என்றும் சொல்லிவிட்டேன்.

அன்று இரவு வருசநாட்டில் அப்பா சொல்வது நினைவுக்கு வந்தது. தோட்டத்துக்குத் தண்ணீர் வராவிட்டால், “மோட்டார வையாதடா. குழாயோட நடந்து பாரு” என்பார்.

மறுநாள் ஒயரோடு ‘நடந்தேன்’. மூடியை மூடினால் சென்சாரின் எல்.இ.டி. எரிந்தது. அப்படியென்றால் பிரௌன், நீலம் இரண்டிலும் சப்ளை சரி. சென்சாரும் இரும்பைப் பார்க்கிறது. பேனலில் கறுப்புக்கும் நீலத்துக்கும் நடுவே மீட்டரை வைத்தேன்: 24 வோல்ட். அண்ணன் மூடியின் கீல் பக்கம் கேபிளை லேசாக வளைத்தார். மீட்டர் பூஜ்யம்! சென்சாரில் எல்.இ.டி. மட்டும் எரிந்துகொண்டே இருந்தது.

சப்ளையை நிறுத்தி, கறுப்பு ஒயருக்குக் கன்டினியூட்டி பார்த்தோம். கேபிளை வளைக்கும்போதெல்லாம் ‘பீப்’ விட்டு விட்டு வந்தது. மூடியைத் திறந்து திறந்து மூடியதில் மேலுறை நன்றாயிருக்க, உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. மெஷின் அதிரும்போது தொடுப்பு விட்டுப்போகும். கேபிளை மாற்றி, கீல் பக்கம் கொஞ்சம் தளர்வாக விட்டுக் கட்டினோம். அப்புறம் மெஷின் நிற்கவில்லை.

அக்காவிடம் போய், “தப்பா சொல்லிட்டேன்க்கா” என்றேன். அவர் பஞ்சைத் துடைத்துக்கொண்டே, “மூடியத் தொறக்கையிலயும் மூடையிலயும் அந்த ஒயரு இழுபடுதுன்னு நாலு நாளாச் சொல்றேன். யாருப்பா கேட்டீக?” என்றார்.

நண்பர்களே! கழற்றிப்போட்ட அந்தப் பழைய சென்சார் நன்றாகத்தான் இருந்தது. அந்த அக்காவும்தான். மீட்டரைக் கையில் எடுக்குமுன், எட்டு மணி நேரம் மெஷினோடு நிற்பவர் சொல்வதைக் காதில் வாங்குவோம். பழி போடுவதற்கு முன் ஒயரோடு ஒருமுறை நடந்து பார்ப்போம்!