சிறு கலத்தில் ஒரு துயிலறை

உண்ண உணவும் உடுக்க உடையும் போலவே, உறங்க ஓர் இடமும் மக்களுக்கு இன்றியமையாதது ஆகும். விழித்திருப்பவன் வெயில் வந்தால் நிழலை நாடுவான். மழை வந்தால் ஒதுங்கி நிற்பான். உறங்குகின்றவனோ தன்னைத் தான் காத்துக்கொள்ளும் ஆற்றல் இல்லாதவன். ஆதலால், அவனைக் காக்கும் கடமை அவன் படுத்திருக்கும் அறையைச் சார்ந்ததாகும். நல்லதொரு துயிலறை செய்ய வேண்டிய காவல்கள் மூன்று. பிறர் பார்வை படாத மறைவைத் தருதல் ஒன்று. மூச்சுக்கு வேண்டிய தூய காற்றைத் தருதல் மற்றொன்று. மழை நீர் உட்புகாமல் தடுத்தல் பிறிதொன்று.

நாம் வாழும் வீடுகளில் இம் மூன்றும் ஒன்றோடொன்று முரணுவது அரிது. சாரல் அடிக்கும் பக்கத்துச் சாளரத்தைச் சாத்திவிட்டு எதிர்ப்பக்கத்துச் சாளரத்தைத் திறந்து வைக்கலாம். இறவாரம் மழையைத் தடுக்கும். முற்றம் காற்றைத் தரும். தெருப் பக்கத்துத் திண்ணை அயலாரை அவ்வளவில் நிறுத்திக்கொள்ளும். ஆனால், ஓரிருவர் ஏறிச் செல்லும் சிறு பாய்மரப் படகின் துயிலறையில் இம் மூன்று நலங்களும் ஒன்றையொன்று பகைத்து நிற்கின்றன. மழைக்கு அஞ்சி மூடினால் காற்று நின்றுபோகும். காற்றை விரும்பித் திறந்தால் மழை புகும். மழை இல்லாத நாளிலோ, திறந்த வழியே அயலார் பார்வை புகும். இம் முரணைக் கடலோடிகள் எவ்வாறு தீர்த்தனர் என்று ஆராய்வது, கடலையே காணாதவர்க்கும் பயன் தருவதாகும்.

தனியொரு மனிதராய்ப் பாய்மரப் படகில் உலகை முதன்முதல் சுற்றி வந்தவர் யோசுவா சுலோக்கம் என்பவர். அவர் 1895ஆம் ஆண்டு ஏப்பிரல் 24ஆம் நாள் அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் துறையிலிருந்து புறப்பட்டார்; 46,000 மைலுக்கு மேல் கடலில் ஓடி, 1898ஆம் ஆண்டு சூன் 27ஆம் நாள் நியூபோர்ட்டுத் துறையை அடைந்தார். 'ஸ்பிரே' என்னும் அவர் படகின் நீளம் 36 அடி 9 அங்குலம்; அகலம் 14 அடி 2 அங்குலம். அதன் உட்குழிவு 4 அடி 2 அங்குலமே. அந்தக் குழிவுக்குள் ஆள் நிமிர்ந்து நிற்றல் இயலாது. ஆகையால், அவர் மேல்தளத்தில் இரண்டு இடங்களைத் திறந்து, தளத்திற்கு மேல் ஏறக்குறைய 3 அடி உயருமாறு இரண்டு சிறு அறைகளை அமைத்தார். முன்னறை சமையலுக்கு ஆயிற்று. 10 அடிக்கு 12 அடி அளவுள்ள பின்னறை இருக்கைக்கு ஆயிற்று. அப் பின்னறையின் பக்கங்களில், மேல்தளத்தின் அடியில் ஒதுங்கியிருந்த இடத்தில், தமக்குரிய படுக்கையை அமைத்துக்கொண்டார். நடுவிடத்தை நடமாட்டத்திற்கு விட்டு, ஓரத்தைப் படுக்கைக்குக் கொண்ட இம் முறை, இன்றும் சிறு படகுகளில் பெரிதும் பின்பற்றப்படுகின்றது. வாயிலின் வழியே நீர்த்துளி தெறித்தாலும் ஓரத்தில் கிடப்பவன் மேல் அது எளிதில் படாது. வாயிலில் வந்து நிற்பவன் கண்ணும் அவனை எளிதில் எட்டாது.

மறைவு என்பது நாணத்தைக் காப்பது மட்டும் அன்று. அச்சமின்மையைத் தருவதும் அதுவே. மகெல்லன் நீரிணையில் சுலோக்கம் சென்றபோது, இரவில் அவர் அறியாமல் படகில் ஏறக்கூடியவர்கள் உண்டு என்று எச்சரிக்கப்பட்டார். அங்கே நண்பர் ஒருவர் தரைவிரிப்புக்கு அடிக்கும் சிற்றாணிகளை ஒரு பை நிறைய அவருக்குக் கொடுத்திருந்தார். உறங்கச் செல்லுமுன் அவற்றை மேல்தளம் முழுதும் பரப்பிவிட்டு அவர் அறைக்குள் சென்று படுத்தார். நள்ளிரவில் வெறுங்காலுடன் ஏறி வந்தவர்கள் ஆணியை மிதித்து அலறிக்கொண்டு திரும்பினர். காவலுக்கு நாய் ஒன்றும் இல்லாத படகில் ஆணிகளே காவல் நாயாக நின்றன. தனியே உறங்குபவனுக்கு மெல்லிய ஒரு தடுப்பும் எத்துணைப் பெரிய துணை என்பதற்கு இந் நிகழ்ச்சி சான்றாகும்.

துறைமுகத்தில் மறைவு வேறொரு வகையில் வேண்டப்படுகின்றது. அங்கே படகுகள் அடுத்தடுத்துக் கட்டப்பட்டிருக்கும். கரையிலுள்ள நடைமேடையில் செல்வோர் உயரத்தில் நிற்பர். படகினுள் இருப்போர் தாழ்விடத்தில் இருப்பர். ஆதலால் குனியாமலே உள்ளே நோக்கிவிடலாம். இதற்காக, அறையின் வாயிற் கதவிலே மெல்லிய பலகைகளைச் சாய்வாக, ஒன்றன்மேல் ஒன்று சிறிது கவியுமாறு பொருத்துகின்றனர். பலகைகள் வெளிப்புறம் நோக்கித் தாழ்ந்திருப்பதால் மழைத்துளி வழுக்கி வெளியே விழுகின்றது. மேலிருந்து நோக்கும் கண்ணுக்குப் பலகையின் முதுகே தெரிகின்றது. காற்றோ இடைவெளிகளின் வழியே வந்து போகின்றது. சாய்வு என்னும் ஒரே பண்பு மூன்று காவல்களையும் ஒருங்கே செய்வதைக் காண்க.

மழையைத் தடுத்தல் உறங்குபவன் நலத்திற்கு மட்டும் அன்றிப் படகின் நலத்திற்கும் வேண்டும். மரப் படகுக்கு உப்பு நீர் பகை என்றே பலரும் எண்ணுவர். உண்மை வேறு. மரத்தை உளுக்கச் செய்யும் பூசணங்கள் உப்பில் செழிப்பதில்லை. நன்னீரிலேயே அவை செழிக்கின்றன. மேல்தளத்தின் இடுக்குகளில் கசிந்து தேங்கும் மழை நீரே மரப் படகைப் பெரிதும் கெடுப்பது. ஆதலால், நங்கூரம் இட்டு நிற்கும்போது, பாயின் அடியைத் தாங்கும் கிடைமரத்தையே முகடாகக் கொண்டு, கித்தான் துணியை இருபுறமும் கூரைபோல் இழுத்துக் கட்டுகின்றனர். அக் கூரையின் அடியில் அறைவாயிலைத் திறந்தே வைக்கலாம். மழைக்குக் குடையாகவும், வெயிலுக்குப் பந்தலாகவும், பார்வைக்குத் திரையாகவும் அது பயன்படுகின்றது.

நங்கூரம் இட்ட படகுக்கு இயற்கை அளித்த நலம் ஒன்றும் உண்டு. வீடு ஒரு திசையையே நோக்கி நிற்கும். முன்புறம் நங்கூரம் இட்ட படகோ, நீரோட்டம் வலிதாய் இல்லாத இடத்தில், காற்று வரும் திசைக்குத் தன் முகத்தைத் தானே திருப்பிக்கொள்ளும். ஆகவே, அணியத்தின் பக்கத்து மேல்மூடியைச் சிறிது தூக்கி வைத்தால், காற்றுத் தவறாமல் உள்ளே இறங்கும். இறங்கிய காற்று வெளியேறப் பின்புறத்தில் மற்றொரு வழியும் வேண்டும். புகும் வாயிலும் போகும் வாயிலும் இருந்தால்தான் காற்றோட்டம் உண்டாகும். ஒரு வழி மட்டும் உள்ள அறையிலே காற்றுத் தேங்கிக் கிடக்குமே அன்றி ஓடாது.

என்னிடம் தமிழ் பயின்ற மாணவர் ஒருவர் அமெரிக்காவின் கீழைக் கரையில் வாழ்கின்றார். அவர் சிறு பாய்மரப் படகு ஒன்றைத் தம் கையாலேயே கட்டியவர். ஊருக்கு வந்திருந்தபோது என்னைக் காண வந்தவர், தமக்கு நேர்ந்தது ஒன்றைக் கூறினார். "ஐயா, இலையுதிர்காலத்து இரவு ஒன்றில் கடுமையான மழை. குளிரும் மிகுதி. நீர் ஒழுகிய துளைகளை எல்லாம் துணியால் அடைத்துவிட்டுச் சிறு கரியடுப்பைப் பற்றவைத்துக்கொண்டு படுத்தேன். அறை வெதுவெதுப்பாக இருந்தது. 'இன்று நல்ல உறக்கம்' என்று எண்ணினேன். நள்ளிரவில் தலை பிளப்பதுபோல் வலித்தது. எழுந்தால் கால்கள் தள்ளாடின. எப்படியோ மேல்மூடியைத் தள்ளித் தலையை வெளியே நீட்டினேன். மழையில் நனைந்துகொண்டே நெடுநேரம் மூச்சு வாங்கினேன். அந்த மழைதான் எனக்கு உயிர் தந்தது போல் இருந்தது" என்றார்.

"தம்பி, நீ பிழைத்தது பெரும்பேறு" என்றேன் யான். மூடிய அறையில் கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவளி தோன்றுகின்றது. அதற்கு நிறம் இல்லை, மணமும் இல்லை. குருதியிலுள்ள செம்பொருள் உயிர்வளியைப் பற்றுவதினும் 200 மடங்குக்கு மேல் இறுக இந் நச்சுவளியைப் பற்றிக்கொள்ளும். அதனால் உடல் உயிர்வளி இன்றித் தவிக்கும். உறங்குபவன் விழிக்காமலே உயிர் துறத்தலும் உண்டு. படகில் மட்டும் அன்று. குளிர்காலத்தில் மலையூர்களில் கதவை அடைத்துக் கரியடுப்பை மூட்டி உறங்குவோர்க்கும் இதே இடர் உண்டு. இந் நச்சுவளியைக் கண்டு ஒலி எழுப்பும் சிறு கருவிகள் இந் நாளில் கிடைக்கின்றன. எனினும், கருவி இருக்கின்றது என்று எண்ணி மூடிய அறையில் நெருப்பை வைத்து உறங்குதல் அறிவுடைமை ஆகாது.

நெருப்பு இல்லாவிடினும் காற்று வழி இன்றியமையாததே. உறங்குவோரின் மூச்சில் நீராவி உண்டு. மூடிய அறையில் அது குளிர்ந்த கூரையிற் பட்டுத் துளிகளாய்த் திரளும். வெளியே பெய்யும் மழையைத் தடுத்தவன், தன் மூச்சே மழையாய்த் தன்மேல் சொட்டுவதை விடியற்காலையில் காண்பான்.

இச் சிக்கலுக்குச் சிறந்த தீர்வு ஒன்று 'டொரேடு' என்னும் பாய்மரப் படகிலிருந்து உலகிற்குக் கிடைத்தது. 52 அடி நீளமுள்ள அப் படகை வரைந்தவர் ஒலின் ஸ்டீபன்ஸ். அப்பொழுது அவருக்கு வயது 21. படகு 1930ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்டது. 1931ஆம் ஆண்டு அவரும், அவர் தம்பி ராட் ஸ்டீபன்சும், தந்தையாரும், பிற தோழரும் அதில் ஏறி, அமெரிக்காவின் நியூபோர்ட்டிலிருந்து இங்கிலாந்தின் பிளிமத்துக்கு நடந்த பந்தயத்தில் வெற்றி பெற்றனர். அப் படகின் தளத்தில் இருந்த காற்றுப் பெட்டிகள் இன்றும் 'டொரேடுப் பெட்டி' என்றே வழங்குகின்றன.

அதன் அமைப்பு மிக எளியது. தளத்தின்மேல் ஒரு மரப்பெட்டி. அதன் மேற்பலகையில் ஒரு முனையில், அகன்ற வாயை உடைய வளைந்த குழாய் ஒன்று காற்றை நோக்கி நிற்கும். பெட்டியின் மறுமுனையில், அறையிலிருந்து ஏறி வரும் மற்றொரு குழாய், பெட்டியின் அடித்தளத்திற்கு மேல் சில அங்குலம் உயர்ந்து நிற்கும். இரண்டு குழாய்களும் நேருக்கு நேர் இல்லை. காற்றோடு சேர்ந்து மழையும் அலைத்துளியும் முதற் குழாயின் வழியே உள்ளே விழும். நீர் கனமானது, ஆதலால் பெட்டியின் அடியில் விழுந்து, பக்கத்திலுள்ள சிறு துளைகளின் வழியே தளத்தில் ஓடிவிடும். காற்று இலேசானது, ஆதலால் வளைந்து சென்று இரண்டாம் குழாயின் வழியே அறைக்குள் இறங்கும். வாயிலில் வருவோர் இருவரையும் உள்ளே அழைத்து, நண்பனை இருத்தி, பகைவனைப் பின்வாயிலால் அனுப்பிவிடும் அறிவுடையோன் செயலை இஃது ஒக்கும். குழாய் வளைந்திருப்பதால் எவர் கண்ணும் அதன் வழியே அறைக்குள் எட்டாது.

"இதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம், ஐயா?" என்று அம் மாணவர் வினவினார். யான் நெடிது எண்ண வேண்டியதாயில்லை. 'காலதர்' என்னும் சொல் சிலப்பதிகாரத்திலேயே உண்டு. கால் என்பது காற்று. அதர் என்பது வழி. காற்று வரும் வழியே காலதர். ஆங்கிலத்தில் சாளரத்தைக் குறிக்கும் சொல்லும், 'காற்றின் கண்' என்று பொருள்படும் வட ஐரோப்பியப் பழஞ்சொல்லிலிருந்து பிறந்ததே. சாளரம் வெளியே பார்ப்பதற்கு என்று நாம் இன்று கருதுகின்றோம். பெயரிட்ட முன்னோரோ, அது மூச்சு விடுவதற்கு என்று கருதினர். "அப் பெட்டியைக் காலதர்ப் பெட்டி என்று சொல், தம்பி, பெயரைச் சொல்லும்போதே அதை அடைக்கக்கூடாது என்பதும் நினைவுக்கு வரும்" என்றேன். அவர் அப் பெயரைத் தம் படகின் வரைபடத்தில் எழுதிக்கொண்டார்.

மாணவர்களே, நும் வாழ்விலும் ஒன்றுக்கொன்று முரணிய தேவைகள் எழும். அப்பொழுது ஒன்றைக் காப்பதற்காக மற்றொன்றை அடைத்துவிடுதல் எளிய வழியாகத் தோன்றும். அடைத்தவுடன் சிறிது நேரம் வெதுவெதுப்பாகவும் இருக்கும். ஆயினும், கொள்ளத்தக்கது எது, தள்ளத்தக்கது எது என்று அவற்றின் இயல்பை ஆராய்ந்து, இரண்டிற்கும் வெவ்வேறு வழி வகுத்தவர்களே நெடுந்தொலைவு சென்று கரை சேர்ந்தனர்.