அசல் வடசென்னைக்காரன்: சில பரீட்சைகள்

யார் அசல் வடசென்னைக்காரன் என்ற விசாரணை மூலக்கொத்தளத்து டீக்கடை ஒன்றில் வருஷக்கணக்காக நடந்துகொண்டிருக்கிறது. தீர்ப்பு வந்ததில்லை. வந்துவிடக் கூடாது என்பதில் எல்லோருமே ஜாக்கிரதையாக இருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. விசாரணைக்கென்று சில பரீட்சைகள் உண்டு. அவற்றை இங்கே வரிசைப்படுத்த எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. பின்னால் சொல்கிறேன்.

முதல் பரீட்சை சுலபம். 'பீச்' என்றால் என்ன? மணல், சுண்டல், குதிரை என்று பதில் வந்தால் ஆள் தெற்கத்திக்காரன். அதாவது சென்ட்ரலுக்குத் தெற்கே குடியிருப்பவன். எங்களுக்கு பீச் என்பது ரயில்வே ஸ்டேஷன். கடல் வேண்டுமென்றால் காசிமேடு இருக்கிறது. அதையும் 'காசிமேடு' என்று அட்சர சுத்தமாக உச்சரித்தால் இரண்டாவது பரீட்சையில் தோற்றாயிற்று. 'காசிமோடு' என்று வர வேண்டும். தண்டையார்பேட்டையில் நடுவிலிருக்கும் 'டையா'வுக்கு நேரம் செலவழிக்கிறவனும் சந்தேகத்துக்குரியவனே.

மூன்றாவது, மூக்குப் பரீட்சை. கண்ணை மூடிக்கொண்டு காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று சொல்ல வேண்டும். மீன் வாடை என்றால் கடற்கரைப் பக்கம். குப்பை புகைகிற நெடி என்றால் கொடுங்கையூர். எண்ணெயும் கெட்ட முட்டையும் கலந்த வாடை என்றால் மணலி. வாடையே இல்லை என்று சொல்கிறவனுக்கு இரண்டு முடிவுகள் சாத்தியம்: அவன் நேற்று வந்தவன், மூக்கடைப்பு, அல்லது இங்கேயே பிறந்தவன், மூக்கு மரத்துவிட்டது. எனவே இந்தப் பரீட்சை பயனற்றது என்று ஒரு கட்சி வாதிடுகிறது.

நான்காவது, மழை நாளில் கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கிறதா என்ற கேள்வி. வானத்தை அண்ணாந்து பார்த்துப் பதில் சொல்கிறவன் வெளியாள். உள்ளூர்க்காரன் எதையும் பார்க்காமல் நிற்கிறது என்பான்.

வயது வந்தவர்களுக்கு மட்டும் கரிப் பரீட்சை. 2011இல் உயர்நீதிமன்ற உத்தரவு வரும்வரை சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறங்கிக்கொண்டிருந்தது. ராயபுரம் பக்கத்து வீடுகளில் காலையில் பெருக்கிய தரை மத்தியானத்துக்குள் உள்ளங்காலைக் கறுப்பாக்கும். 'வெள்ளைச் சட்டையை மொட்டை மாடியில் காயவைத்ததுண்டா?' என்பதுதான் கேள்வி. உண்டு என்றால் தோல்வி. கரி எண்ணூருக்கு இடம் மாறிய பிறகு பரீட்சையும் எண்ணூருக்கு மாற்றப்பட வேண்டும் என்று ராயபுரத்துக்காரர்கள் பெருந்தன்மையோடு சொல்கிறார்கள்.

பிறப்பை வைத்தும் ஒரு பரீட்சை உண்டு: ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரியில் பிறந்தவனா? இதில் ஒரு சிக்கல். பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பெண்களும் பிரசவத்துக்கு அங்கே வருகிறார்கள். அவர்கள் பிள்ளைகள் எல்லோரும் தேர்வு. வண்ணாரப்பேட்டையில் வீட்டோடு பிறந்த கிழவர் ஒருவர் மட்டும் இன்றுவரை தேறவில்லை.

இதுவரை முழு மதிப்பெண் வாங்கியவர் யாருமில்லை. பரீட்சை வைக்கிறவர்களின் யோக்கியதாம்சமும் சொல்லும்படி இல்லை. டீ மாஸ்டர் பாலக்காட்டுக்காரர். ஆட்டோக்காரரின் வீட்டில் தெலுங்கு பேசுகிறார்கள். என் தாத்தா செய்யாற்றுப் பக்கத்திலிருந்து துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்தவர். என்னை முக்கால் அசல் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு வங்கி கவுண்டரில் உட்கார்ந்திருப்பதால் கால் பங்கு குறைகிறது. வருமான வரி மாதிரி மூலத்திலேயே பிடித்தம். இங்கிலீஷ் பேசி அலட்டுவதற்கு எங்கள் பக்கம் 'பீட்டர் விடுவது' என்று பெயர். ராயபுரம் என்ற பெயரே ராயப்பரிடமிருந்து, அதாவது படகுக்காரர்கள் கோயில் கட்டிக் கும்பிட்ட அந்தப் பீட்டரிடமிருந்துதான் வந்தது என்பார்கள். அந்தக் கணக்கில் ராயபுரம் முழுக்கவே பீட்டர்தான் என்று நான் மேல்முறையீடு செய்திருக்கிறேன். விசாரணையில் இருக்கிறது.

இந்த விளையாட்டு எங்களுக்கு மட்டும் உரியதல்ல. இங்கிலாந்தின் வடகிழக்கில், நியூகாசில் ஊர்க்காரர்களை ஜார்டி என்கிறார்கள். டைன் நதி கண்ணில் படும் தூரத்தில் பிறந்திருக்க வேண்டும் என்று அங்கே ஒரு கட்சி. துப்பினால் நதியில் விழும் தூரம் என்பது தீவிரக் கட்சி. உறைபனியில் கோட்டு போடாமல் வெளியே போவதும் ஒரு பரீட்சை. நிலக்கரி, கப்பல், ஆற்று முகத்துவாரம், தெற்கேயிருந்து வரும் இளக்காரம் எல்லாம் அங்கும் உண்டு. ஜார்டி என்பது ஜார்ஜ் என்ற பெயரின் செல்ல வடிவம். ஜார்ஜ் கோட்டைக்கும் ஜார்ஜ் டவுனுக்கும் அண்டை வீட்டுக்காரர்களான நாங்கள் அந்தப் பெயருக்கு அவர்களைவிடக் கூடுதலாகவே உரிமை கொண்டாடலாம்.

லண்டனில் இன்னும் வேடிக்கை. செயிண்ட் மேரி லெ போ கோயிலின் மணியோசை கேட்கும் எல்லைக்குள் பிறந்தவனே காக்னி என்பது மரபு. 1941இல் ஜெர்மானியக் குண்டுவீச்சில் மணிகள் அழிந்தன. மறுபடி ஒலித்தது 1961இல். இலக்கணப்படி பார்த்தால் இருபது வருஷம் லண்டனில் ஒரு காக்னிகூடப் பிறக்கவில்லை. குழந்தைகள் இதைப் பொருட்படுத்தாமல் பிறந்துகொண்டிருந்தன.

எங்கள் ஊரில் இந்த வழக்குக்கு ஒரு சரித்திர அடிப்படையும் இருக்கிறது. 1758-59இல் பிரெஞ்சுக்காரர்கள் முற்றுகையிட்டுப் போன பிறகு, கும்பினியார் கறுப்பர் நகரத்தைச் சுற்றி மதில் எழுப்பினார்கள். செலவை உள்ளே இருப்பவர்களிடம் வரியாக வாங்க எண்ணினார்கள். வரி வசூலாகவில்லை, வால்டாக்ஸ் ரோடு என்ற பெயர் மட்டும் மிஞ்சியது. மதிலின் மூலையில் இருந்த கொத்தளம்தான் மூலக்கொத்தளம். சுடுகாடும் இடுகாடும் சலவைத் துறையும் மதிலுக்கு வெளியே போயின. நான் பிறந்த இடம் உள்ளேயுமில்லை, வெளியேயுமில்லை. பீரங்கி வைக்கிற இடம். உள்ளே யார், வெளியே யார் என்று கேட்பதற்காகவே கட்டப்பட்ட மூலை. மதில் போய்விட்டது, பழைய ஜெயில் ரோட்டில் ஒரு துண்டு தவிர. கேள்வி போகவில்லை.

இந்தக் கேள்வி இப்போது அதிகம் கேட்கப்படுவது பாஷையை வைத்துத்தான். மெட்ராஸ் பாஷை பேசுகிறவனே அசல் என்று ஒரு நம்பிக்கை. ஆனால் அந்த பாஷைக்கே பரீட்சை வைத்தால் என்ன மிஞ்சும்? துட்டு டச்சுக்காரனின் செப்புக்காசு. நாஷ்டாவும் பேமானியும் உருது வழி வந்தவை. நைனா தெலுங்கு. கஸ்மாலம் சம்ஸ்கிருதம்; குருக்ஷேத்திரத்தில் தயங்கி நின்ற அர்ஜுனனைக் கடிந்துகொள்ளும்போது கிருஷ்ணன் வாயிலும் இந்தச் சொல் வருகிறது. ரிக்ஷாக்காரர் வாய்க்கு வந்ததும் அது வசவாகிவிட்டது. 'குந்து' மட்டும் சுத்தத் தமிழ். அதைத்தான் பள்ளிக்கூடத்தில் கொச்சை என்று அடித்தார்கள். இந்த பாஷையைத் தமிழ்நாடு முழுவதும் காதில் போட்டவர்களில் முக்கியமானவர் சந்திரபாபு, 1958இல் வந்த 'சபாஷ் மீனா'வில் ரிக்ஷாக்காரராக. அவர் தூத்துக்குடியில் பிறந்தவர்.

இதுவரை சொன்னதில் சிரிப்பு இருக்கிறது. இனி சொல்வதில் இல்லை. பைபிளில், யோர்தான் துறையில் 'ஷிபோலெத்' என்ற சொல்லை உச்சரிக்கத் தெரியாதவர்களைப் பிடித்து வெட்டினார்கள் என்று நியாயாதிபதிகள் ஆகமம் சொல்கிறது. 1983 ஜூலையில் கொழும்பில் வண்டிகளை நிறுத்தி, வாளிக்கான சிங்களச் சொல்லைச் சொல்லச் சொன்னார்கள். 'பால்திய' என்ற அந்தச் சொல்லில் தமிழ் நாக்கு தடுக்கினால் முடிந்தது. டீக்கடைப் பரீட்சைக்கும் இதற்கும் உருவத்தில் பேதமில்லை. இரண்டிலும் ஒரு சொல், ஒரு நாக்கு, கேட்டுக்கொண்டு நிற்கும் சிலர். பேதம் ஒன்றுதான். டீக்கடையில் கேட்பவனும் தோற்கிறான். எல்லோரும் தோற்கிற பரீட்சையில் கூட உட்கார இடம் கிடைக்கும். கேட்பவனுக்குத் தோல்வி கிடையாது என்று ஏற்பாடாகிவிட்டால், அது விளையாட்டாக இருப்பதை நிறுத்திவிடுகிறது.

இனி என் காரணம். ஒரு பத்திரிகை வடசென்னைக்கென்று தனி இதழ் கொண்டுவருகிறது. அதன் ஆசிரியர் எனக்கு ஏழெட்டுப் பிரதிகளை அனுப்பியிருந்தார். 'நீங்கள் அந்தப் பக்கத்துக்காரர். பாஷை அசல்தானா என்று பார்த்துச் சொல்லுங்கள்' என்று ஒரு குறிப்பு. நல்ல மனிதர், நல்லெண்ணத்தோடுதான் கேட்கிறார். கதை கதையாக இருக்கிறதா, கவிதை கவிதையாக இருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை. அது அவருக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்ளலாம். என்னிடம் கேட்டது நகைக்கடன் பிரிவில் மதிப்பீட்டாளரிடம் கேட்பது. உரைத்துப் பார், காரட் சொல்.

பிரதிகளில் ஒரு நண்பரின் கவிதைகளும் இருந்தன. துறைமுகத்தில் சரக்குப் பெட்டிகளின் எண்ணைச் சரிபார்க்கும் வேலை அவருக்கு. தாய் இறந்த பிறகான நாட்களைப் பற்றிய கவிதைகள். கைப்பிரதியில் முன்பே படித்திருக்கிறேன். சிக்கனமான, கொஞ்சம் விறைப்பான தமிழ்; துக்கம் அந்த விறைப்பில்தான் இருந்தது. இப்போது வந்த பிரதியில் 'இருக்கிறது' எல்லாம் 'கீது' ஆகியிருக்கிறது. 'அழைத்துக்கொண்டு' 'இட்டுக்கினு' ஆகியிருக்கிறது. கேட்டேன். 'வேற ஒரு எடத்துல மண்வாசனை இல்லன்னு திருப்பிட்டாங்க' என்றார். சொந்தத் தாயின் சாவை அவர் தமிழிலிருந்து வடசென்னைக்கு மொழிபெயர்த்திருந்தார், தன்னை யாரும் போலி என்று நினைத்துவிடக் கூடாதென்று.

மண்வாசனை கேட்கிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. என் கவுண்டருக்கு ஓர் அம்மாள் வருகிறார். மீன் விற்றவர். வீட்டை இடித்து, குடும்பத்தைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள். 25 கிலோமீட்டருக்கு மேல். கணக்கு எங்கள் கிளையிலேயே இருப்பதால் பஸ் மாறி வருகிறார். என்னிடம் 'சார், கையெழுத்து எங்க போடணும்?' என்கிறார். வரிசையில் முந்துகிறவனிடம் 'இன்னாபா, நா குந்திக்கினு கீறது உனுக்குத் தெர்லியா?' என்கிறார். போனில் கல்லூரிக்குப் போகும் பேத்தியிடம் பேசும்போது இன்னொரு தமிழ், இரண்டு இங்கிலீஷ் சொல்லோடு, கவனமாக. மூன்றும் ஐந்து நிமிஷத்துக்குள். நம் புனைகதை நடுவில் இருப்பதை மட்டும் எடுத்துக்கொண்டு, இதுதான் அவர் என்று எழுதும். மற்ற இரண்டும் அவருக்கு இரவலாம். ஆதார் அட்டையில் பெரும்பாக்கம். எந்த ஊர் என்று கேட்டால் 'மூலகொத்லம்' என்கிறார். இதில் எது அசல் என்று மதிப்பிட என்னிடம் உரைகல் இல்லை.

அசல் வேண்டும் என்ற இந்தத் தாகம் எல்லோரிடமும் செல்லுபடியாவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 'எழுத்து' 1959இல் திருவல்லிக்கேணியிலிருந்து வந்தது. நடத்திய செல்லப்பா வத்தலக்குண்டுக்காரர். புதுக்கவிதைக்குச் சென்னையில் இடம் பண்ணியவர்களில் பலர் வெளியூர்களிலிருந்து ரயிலேறி வந்தவர்கள். திருவல்லிக்கேணி பாஷை எங்கே என்று அவர்களை யாரும் கேட்கவில்லை. கேட்காததனால்தான் அவர்களால் பிரக்ஞையைப் பற்றியும் மரணத்தைப் பற்றியும் எழுத முடிந்தது. மதிலுக்கு இந்தப் பக்கம் இருப்பவன் மரணத்தைப் பற்றி எழுதினால் மட்டும், மரணம் இருக்கட்டும், கானா எங்கே என்கிறோம்.

மூலக்கொத்தளம் இடுகாட்டில் நடராசனும் தாளமுத்துவும் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். இந்தி எதிர்ப்பில் சிறை சென்று, 1939 ஜனவரியிலும் மார்ச்சிலும் அடுத்தடுத்து இறந்தவர்கள். ஒருவர் சென்னைக்காரர், இன்னொருவர் கும்பகோணத்துக்காரர். ஜனவரி 25 வந்தால் கட்சிகள் மாலையோடு வருகின்றன. இவர்கள் எந்தத் தமிழுக்காகச் செத்தார்கள், 'கீது' என்கிற தமிழுக்கா 'இருக்கிறது' என்கிற தமிழுக்கா என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. செத்தவர்களிடம் கேட்கத் தோன்றாத கேள்வியை எழுதுகிறவர்களிடம் கேட்பானேன்?

பிரதிகளை நேற்று ஆசிரியருக்குத் திருப்பி அனுப்பினேன். அசலா என்ற கேள்விக்குப் பதில் எழுதவில்லை. எந்தக் கவிதை நின்றது, எந்தக் கதை நடுவில் படுத்துவிட்டது என்று ஓரத்தில் குறித்திருக்கிறேன். சில சந்திப் பிழைகளைத் திருத்தினேன். நண்பரிடம் கேட்டு அவருடைய பழைய கைப்பிரதியை வாங்கி, எல்லாவற்றுக்கும் மேலே வைத்திருக்கிறேன்.