ஊசி நகர்ந்ததா?

சின்னதாக ஒரு ரப்பர்க் குமிழ், அதிலிருந்து நீளும் குழாய், முனையில் வட்டமான அழுத்தமானி. அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்டு கெகல் உருவாக்கிய பெரினியோமீட்டர் இவ்வளவுதான். குமிழைப் பிறப்புறுப்புக்குள் வைத்து இடுப்புத்தளத் தசையை இறுக்கினால் ஊசி ஏறும். உடம்புக்குள் ஒளிந்திருக்கும் ஒரு தசை வேலை செய்வதை ஒரு பெண் தன் கண்ணாலேயே பார்க்கலாம்.

தும்மும்போதும் இருமும்போதும் சிறுநீர் கசிந்த பெண்களுக்கு அவர் கொடுத்த சிகிச்சை அது. விரலால் தொட்டுப் பார்த்துத் தசையை அடையாளம் காட்டுவார். பிறகு கருவியோடு வீட்டில் தினம் 3 வேளை, வேளைக்கு 20 நிமிடம் பயிற்சி. 1948இல் இதைக் கட்டுரையாக எழுதினார். பயிற்சிக்கு உலகம் அவர் பெயரை எடுத்துக்கொண்டது. தொட்டுப் பார்த்ததையும் ஊசியையும் விட்டுவிட்டது.

கெகலுக்கு முன்பே இந்த வழியில் நடந்தவர்கள் உண்டு. நடனக் கலைஞர் மார்கரெட் மோரிஸ் பிசியோதெரபியும் படித்தவர். லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையின் மின்னி ராண்டலோடு சேர்ந்து, பிரசவத்துக்கு முன்னும் பின்னும் செய்யவேண்டிய பயிற்சிகளை 1936இல் புத்தகமாக்கினார். உடம்பை அசைத்தே பழகியவருக்கு, வெளியே தெரியாத அசைவின் அருமை புரிந்திருக்கிறது.

வாயால் சொன்னால் மட்டும் போதாதா? 1991இல் அமெரிக்க ஆய்வாளர்கள் 47 பெண்களுக்கு இடுப்புத்தளப் பயிற்சியைச் சுருக்கமாகச் சொல்லிக்கொடுத்துச் சோதித்தார்கள். சரியாகச் செய்தவர்கள் பாதிப் பேர்தான். கால்வாசிப் பேர் செய்த விதம் கசிவைக் கூட்டக்கூடியதாக இருந்தது.

மூச்சைப் பிடிப்பது, புட்டத்தை இறுக்குவது, கீழ்நோக்கி முக்குவது: வழக்கமான தவறுகள் இவை. முக்கினாலும் அழுத்தமானி ஏறிவிடும் என்பதால்தான் பிசியோதெரபிஸ்டின் விரல் இன்றும் தேவைப்படுகிறது. காற்றுப் பிரியாமல் அடக்குவதுபோல உள்ளே, மேலே இழுக்கவேண்டும். சில நொடி நிறுத்தி முழுசாகத் தளர்த்தவேண்டும். தளர்த்துவதும் பயிற்சிதான். ஏற்கெனவே இறுகி வலிக்கும் தசையை மேலும் இறுக்கினால் வலிதான் கூடும்.

பிரான்சில் பிரசவமான பெண்களுக்கு இந்தப் பயிற்சி, அரசுக் காப்பீட்டுச் செலவில், வழக்கமான கவனிப்பாகவே கிடைக்கிறது. நம் ஊரிலோ, பிள்ளை பெற்றால் அப்படித்தான் இருக்கும் என்று பெண்ணின் வாயை அடைத்துவிடுகிறோம். கசிவு இருந்தால் மருத்துவரிடம் கூசாமல் சொல்லுங்கள். இடுப்புத்தளப் பயிற்சி தெரிந்த பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். குறைந்தது 3 மாதம் விடாமல் செய்யுங்கள்.