வீடு திரும்பும் நேரம்

தாம்பரத்திலிருந்து கடற்கரை நிலையம் வரை மின்சார ரயிலில் 32 ஆண்டுகள் அலுவலகம் சென்று வந்தவன் நான். காலையில் வண்டி புறப்பட்டதும் விஷ்ணு சஹஸ்ரநாமத்தைத் தொடங்குவேன். மாம்பலத்தை நெருங்கும்போது நிறைவுறும். மாலையில் திரும்புகையில், மேலதிகாரியின் கடுஞ்சொல் கிண்டி வரை மனத்தை உறுத்தும். பல்லாவரம் தாண்டியதும் தணிந்துவிடும். வாசலில் கால் கழுவி உள்ளே நுழைந்தால், "அப்பா வந்தாச்சு!" என்று என் மகன் ஓடி வருவான். அந்த ரயில் நெரிசலை அன்று நான் துன்பமென்றே எண்ணியிருந்தேன்.

அம்மகன் இன்று கணினித் துறையில் பணிபுரிகிறான். சிறுசேரிக்குச் சென்று திரும்பவே நாள்தோறும் மூன்று மணி நேரம் கழியும்; முதுகுவலியால் மிகவும் அவதியுற்றான். 2020 மார்ச் மாதப் பொது முடக்கத்திலிருந்து வீட்டிலேயே வேலை என்றானதும், நானும் என் மனைவியும் மகிழ்ந்தோம். முதுகுவலி குறைந்தது உண்மையே. ஆனால் அவனுடைய மேசைக்கும் சாப்பிடும் இடத்துக்கும் இடையே பத்தடி தூரந்தான். வேலையின் கொதிப்பு ஆறுவதற்கு அத்தூரம் போதவில்லை.

ஓர் இரவு, சாதம் ஆறிப்போகிறதே என்று அழைத்த தாயிடம் சீறி விழுந்தான். பின்பு தானே வந்து, "வேலை எங்கே முடிகிறது, வீடு எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை, அப்பா" என்று கண் கலங்கினான். எனக்கு மறுமொழி தோன்றவில்லை.

அது மார்கழி மாதம். மறுநாள் மாலை ஏழு மணிக்கு, "இருட்டில் எனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை; சிவன் கோயிலுக்குத் துணைக்கு வருகிறாயா?" என்று கேட்டேன். கணினியை மூடிவிட்டு வந்தான். மும்முறை பிராகாரம் வலம் வந்தோம். மண்டபத்தில் சற்று நேரம் பேசாது அமர்ந்திருந்தோம். திரும்பும் வழியில் அவன் நடை நிதானப்பட்டிருந்ததைக் கண்டேன்.

வாசலை அடைந்ததும், "அப்பா வந்தாச்சு!" என்று பேத்தி ஓடி வந்து அவன் கையைப் பற்றினாள். நாள் முழுதும் அதே வீட்டில் இருந்தவனைத்தான் அப்படி வரவேற்றாள்! என் மனைவி முந்தானையால் கண்களைத் துடைத்துக்கொண்டாள்.

அன்று முதல் ஏழு மணி தரிசனம் அவனுக்கு வழக்கமாகிவிட்டது. வீட்டிலிருந்து பணிபுரியும் பிள்ளைகளைப் பெற்ற அன்பர்களே, மாலையில் அவர்களைக் கோயிலுக்குத் துணையாக அழைத்துப் பாருங்கள். என் கண்பார்வை அவ்வளவு மோசமில்லை என்பதை ஈசன் அறிவான், பொறுத்தருள்வான்.