நீங்காத முள்ளும் நிலைத்த நம்பிக்கையும்

எங்கள் வெதுருகுப்பம் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் உள்ள ஊர். 'வெதுரு' என்பது தெலுங்கில் மூங்கிலைக் குறிக்கும். 'குப்பம்' நம் தமிழ்ச்சொல். பெயரிலேயே இருமொழிகளும் கைகோத்து நிற்கும் இவ்வூரார், 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்த பின்னரும், கடும்பிணி கண்டால் நாடிச் செல்வது எல்லைக்கு அப்பாலுள்ள வேலூரையே. 1900ஆம் ஆண்டில் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைக் கட்டிலோடு அங்குத் தொடங்கிய மருத்துவப் பணிதான், இன்று கிறித்தவ மருத்துவக் கல்லூரியாகவும் மருத்துவமனையாகவும் தழைத்திருக்கிறது. "வேலூருக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்" என்று ஒருவர் சொன்னால், நிலைமை எளிதன்று என்பது எங்கள் பக்கத்தில் அனைவர்க்கும் விளங்கும்.

1998இல் அச்சொல் எங்கள் வீட்டைக் குறித்தே சொல்லப்பட்டது. புளி உலுக்க மரமேறிய என் தம்பி, கிளை முறிந்து கீழே வீழ்ந்தான். அப்போது அவனுக்கு வயது 17. தண்டுவடம் நைந்தமையால் இடுப்புக்குக் கீழ் உணர்வும் அசைவும் அடியோடு அற்றுப்போயின. நான் திருப்பதியில் பி.ஏ. பயின்றுகொண்டிருந்தேன். இரண்டு காணி நிலக்கடலைக் கொல்லையையும் ஒரு கறவை மாட்டையும் நம்பியிருந்த குடும்பம் எங்களுடையது.

ஆறுதல் கூற வந்தோர் பலர். "முன்வினைப் பயன்" என்றனர் சிலர். எங்கள் ஆலயத்தைச் சேர்ந்தவர்களுள் ஒருவரோ, "விசுவாசம் போதாது, இருந்திருந்தால் பிள்ளை இந்நேரம் எழுந்து நடந்திருப்பான்" என்றார். கட்டிலில் கிடந்த தம்பியின் செவியிலும் அச்சொல் விழுந்தது. அவன் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். எழுத்துக் கூட்டி விவிலியம் படிக்கும் அளவே கல்வி பெற்ற என் தாயார், "ஐயா, பவுலுக்கும் விசுவாசம் குறைவுதானா?" என்று கேட்டார். வந்தவர் மறுமொழி பகரவில்லை.

அக்கேள்வியின் ஆழம் எனக்குப் பின்னரே விளங்கிற்று. தம் உடலில் தைத்திருந்த முள்ளை நீக்கும்படி பவுலடியார் மும்முறை மன்றாடினார், முள் நீங்கவில்லை, அதனைத் தாங்கும் அருளே தமக்குக் கிட்டியதாக அவரே எழுதி வைத்திருக்கிறார். யோபுவின் வரலாறும் அத்தகையதே. 'ஏன் எனக்கு இத்துன்பம்?' என்ற அவனுடைய வினாவுக்கு அந்நூலில் நேரான விடை கிடையாது. துன்பத்துக்குக் காரணம் கற்பித்துத் தீர்ப்பு வழங்கிய நண்பர்களே இறுதியில் கடிந்துகொள்ளப்படுகின்றனர். கிறித்தவ நம்பிக்கை என்பது துன்பத்தைத் தொலைக்கும் மந்திரம் என்று எண்ணுவோர் இவ்விரு வரலாறுகளையும் மீண்டும் ஒருமுறை படித்தல் நலம்.

தம்பியை வேலூரை அடுத்த பாகாயத்தில் உள்ள மறுவாழ்வு நிலையத்தில் சேர்த்தோம். உணர்வற்ற உடல் ஒரே நிலையில் கிடந்தால் படுக்கைப் புண் உண்டாகும். அப்புண்ணே உயிருக்கு உலை வைத்துவிடும். ஆதலின் இரவிலும் இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்று கற்பித்தனர். சிறுநீரை வெளியேற்றும் முறையையும், கைகளை ஊன்றி உடலைத் தூக்கி அமரும் பழக்கத்தையும் பயிற்றினர். வீடு திரும்பிய பின் தாயாரும் தந்தையாரும் நானும் முறைவைத்து விழித்திருந்தோம். "என் பிள்ளையை எழுந்து நடக்கச் செய்யும்" என்று வேண்டிவந்த தாயார், நாளடைவில், "இன்று புண் வராமல் காத்தருளும்" என்று வேண்டலானார். அவ்வேண்டுதலைச் சொல்லிக்கொண்டேதான் மகனைப் புரட்டிவிடுவார்.

அந்நிலையத்தின் வரலாற்றையும் பாகாயத்தில்தான் அறிந்தேன். அதனைத் தோற்றுவித்த மருத்துவர் மேரி வர்கீஸ் 1925இல் கேரளத்தில் பிறந்தவர். வேலூரில் பயின்று, அங்கேயே இளம் மருத்துவராகப் பணியாற்றிவந்தார். 1954 சனவரியில் தோழமை மருத்துவர்களுடன் உல்லாசப் பயணம் சென்றபோது வண்டி கவிழ்ந்தது. முகம் சிதைந்தது, தண்டுவடம் முறிந்து கால்கள் செயலிழந்தன. அழுகையும் மனமுறிவும் அவரையும் வாட்டாமல் இல்லை.

அந்நிலையில் அவருக்கு வழிகாட்டியவர் அறுவை மருத்துவர் பால் பிராண்ட். இவர் 1914இல் நம் கொல்லிமலையில் பிறந்தவர். மலைமக்களுக்குத் தொண்டாற்றிய தந்தையை 1929இல் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவர். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவையால் நிமிர்த்தும் முறையை வேலூரில் வளர்த்தவர். கையில் செய்யும் அறுவையை அமர்ந்தபடியே செய்யலாம். எனவே அதனைக் கற்குமாறு மேரிக்கு அவர் ஊக்கமூட்டினார். தொழுநோய் கைகளின் உணர்வைக் கவர்ந்துவிடுவது. இடுப்புக்குக் கீழ் உணர்வற்ற ஒருவர், சக்கர நாற்காலியில் அமர்ந்து, உணர்வற்ற பிறர் கைகளுக்கு மீண்டும் தொழில் தந்தார்! மருத்துவர் தம்மினும் நலிந்திருக்கக் கண்ட நோயாளர்க்கு, அக்காட்சியே பாதி மருந்தாக இருந்திருக்கும்.

பின்னர் அவர் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் தமக்கு வேண்டிய பயிற்சி பெற்றார். நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. 1972இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கிற்று. 1986இல் மறையும் வரை அவர் கால்கள் நடக்கவேயில்லை.

இந்த இறுதிச் செய்தியே என் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. அவர் வேண்டிய அற்புதம் நிகழ்ந்திருந்தால், நாட்டிலுள்ள சிறந்த மருத்துவர்களுள் ஒருவராகத் திகழ்ந்திருப்பார். ஆயின் என் தம்பி போன்றோர்க்கு அந்நிலையம் கிடைத்திருக்குமா என்பது ஐயமே. இதற்காகத்தான் இறைவன் அவரை வீழ்த்தினான் என்று சொல்ல நான் துணியேன். அவ்வாறு சொல்வதும் யோபுவின் நண்பர்கள் செய்த வேலையே ஆகும். 'ஏன்?' என்ற வினாவை இறைவனிடமே ஒப்படைத்துவிட்டு, 'எஞ்சியிருப்பது எது? அதனால் ஆவது என்ன?' என்று அவர் கேட்டார். அவ்வாறு கேட்கும் துணிவையே அவருடைய விசுவாசம் என்று நான் கொள்கிறேன்.

திருவள்ளுவரும் இடுக்கணழியாமைக்குத் தனி அதிகாரமே வகுத்தார். இடுக்கண் வாராமை என்று அவர் பெயர் சூட்டவில்லை என்பது நோக்கத்தக்கது. பிழைப்பை நாடி ஊர்விட்டு ஊர் வந்த நம் குடும்பங்களில் நோயும் கடனும் பிரிவும் புகாத இல்லம் அரிது. அத்தகைய இல்லத்துக்குச் செல்லுங்கால், சமயம் எதுவாயினும், காரணம் கூறுவதைத் தவிர்ப்போம். ஓர் இரவு விழித்திருந்து நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்க முன்வருவோம். அதனினும் சிறந்த ஆறுதலை நான் கண்டதில்லை.

என் தம்பி இப்போது ஊரில் மோட்டார்களுக்குக் காயில் கட்டும் தொழில் செய்கிறான். அதுவும் அமர்ந்து செய்யும் கைத்தொழிலே. கோடையில் கிணற்று மோட்டார்கள் எரிந்துபோகும் காலத்தில், எங்கள் வீட்டுத் திண்ணையில் வேளாண்மக்கள் வரிசையாகக் காத்திருப்பர். என் தாயார் அவர்களுக்கு மோர் கொடுத்துக்கொண்டிருப்பார்.