ஹார்ன் அடிக்காத ஊரில் ஒரு கோல்!

சமதளமே இல்லாத ஊர்ல ஃபுட்பால் ஆட முடியுமா? ஐஸ்வால் போய்ப் பாருங்க பாஸ்!

மிஸோரமின் தலைநகர். கடல் மட்டத்திலிருந்து 1,100 மீட்டருக்கும் மேலே, மலைமுகடு முழுக்க வீடுகள். ரோட்டுல இருந்து பார்த்தா ஒரு மாடி. பின்பக்கம் எட்டிப் பார்த்தா பள்ளத்துக்குள்ளே தூண் தூணா இறங்கிப் போகும். ட்ராஃபிக்ல மாட்டினாலும் யாரும் ஹார்ன் அடிக்கிறதில்லை. கார்கள் ஒரு வரிசை, டூவீலர்கள் ஒரு வரிசைன்னு பொறுமையா நிக்குது. நம்ம ஊர் பஸ் டிரைவரை ஒருநாள் அங்கே விட்டா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க!

போறதுக்கு இன்னர் லைன் பெர்மிட் கட்டாயம். முன்னாடி ஃப்ளைட் இல்லேன்னா சில்ச்சர்ல இருந்து மலைப்பாதைதான். 2025 செப்டம்பரில் பக்கத்து சாய்ராங் வரைக்கும் ரயில் வந்துடுச்சு.

போனா, முவால்புய் பகுதியில இருக்கிற ராஜீவ் காந்தி ஸ்டேடியத்தைப் பார்க்காம திரும்பாதீங்க. செயற்கைப் புல்தரை, சுத்தி மலை. இந்தியாவின் சாம்பியன் உருவானது இங்கேதான்.

2015-16 ஐ-லீக் சீசன்ல ஐஸ்வால் எஃப்.சி. கீழ் டிவிஷனுக்குத் தள்ளப்பட்ட டீம். அதே மே மாசம் ஃபெடரேஷன் கப் ஃபைனல் வரைக்கும் போய், மோகன் பகானிடம் 5-0னு வாங்கிக் கட்டிக்கிட்டாங்க. அப்புறம் கோவா கிளப்கள் லீக்கை விட்டு விலக, காலியான இடத்துல இவங்களைத் திரும்பச் சேர்த்தாங்க. அதாவது, பாஸ் மார்க் வாங்காம அடுத்த செமஸ்டர்ல உட்கார்ந்த கேஸ்!

கோச்சா வந்தார் காலித் ஜமீல். மும்பை எஃப்.சி-யில் ஏழு வருஷம் இருந்துட்டு 2016-ல வெளியே வந்தவர். கூடவே அஷுதோஷ் மேத்தா, ஜெயேஷ் ரானேன்னு மும்பைப் பசங்க சிலர். சிரியாவிலிருந்து அல் அம்னா, லைபீரியாவிலிருந்து ஆல்ஃப்ரெட் ஜார்யன். மிச்சம் பெரும்பாலும் உள்ளூர் பசங்க. (அந்த சீசன்ல மும்பை எஃப்.சி-க்குக் கடைசி இடம். சும்மா சொல்லி வைக்கிறேன்!)

பத்து டீம், ஆளுக்கு 18 மேட்ச். கடைசி ரெண்டு மேட்ச் பாக்கி இருக்கறப்ப ஐஸ்வாலும் மோகன் பகானும் 33 பாயின்ட்ல சமம். 2017 ஏப்ரல் 22, சனிக்கிழமை. அதே பகான், முவால்புய் மைதானத்துக்கு வருது. எண்பது நிமிஷம் தாண்டியும் கோல் இல்லை. 83-வது நிமிஷம், டிஃபெண்டர் ஸோமிங்லியானா ரால்டே எகிறி ஒரு ஹெட்டர்... கோல்! ஹார்னே அடிக்காத ஊர் மொத்தமா சேர்த்து வெச்சிருந்த சத்தம் அன்னிக்கு வெளியே வந்திருக்கும்.

இன்னும் ஒரு டிரா போதும். ஏப்ரல் 30, ஷில்லாங் லாஜோங் அணியோட அவங்க ஊர்ல மேட்ச். அன்னிக்கு ஞாயிறு. ஐஸ்வால்ல ஞாயிறுன்னா சர்ச் தவிர எல்லாமே க்ளோஸ். மேட்ச் தொடங்கி ஒன்பதாவது நிமிஷமே லாஜோங் கோல் போட்டாச்சு. அதே நேரம் கொல்கத்தாவுல பகான் மோதினது யாரோட தெரியுமா? நம்ம சென்னை சிட்டியோட! பகானை நம்மாளுங்க தடுத்திருந்தா ஐஸ்வாலுக்கு டென்ஷனே இல்லை. தடுக்கலை. 67-வது நிமிஷம் வில்லியம் லால்னுன்ஃபெலா அடிச்ச பந்துதான் காப்பாத்துச்சு. 1-1. ஐஸ்வால் 37, பகான் 36. வடகிழக்கிலிருந்து முதல் தேசிய சாம்பியன்!

ஆனா, பாஸ் பண்ணினவனுக்கு அடுத்த வகுப்புல சீட் கொடுக்கணும் இல்லையா? பணக்கார ஐ.எஸ்.எல்-ல இடம் கேட்டு கிளப் போராடிப் பார்த்துச்சு. கிடைக்கலை. காலித் ஜமீலும் அல் அம்னாவும் ஈஸ்ட் பெங்கால் போயிட்டாங்க. 2018 ஜனவரியில ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றுக்காக ஈரான் வரை போய் 3-1னு தோத்துத் திரும்பினாங்க. 2018-19-ல சென்னை சிட்டி, கோவையை ஹோம் கிரவுண்டா வெச்சு இதே கோப்பையை ஜெயிச்சப்பவும் அந்தக் கதவு திறக்கலை.

திறந்தது 2023-ல, பஞ்சாப் டீமுக்கு. ஐஸ்வாலுக்கு அது ஆறு வருஷம் லேட்.