என் கால் அளவு

41 வயதில் புதுச்சேரிக் கடலில் ஸ்கூபா கற்கப் போனேன். என் கால் அளவு 4. அங்கே இருந்த ஃபின்ஸில் மிகச் சிறியது 7. "ரெண்டு சாக்ஸ் போட்டுக்குங்க மேடம், சரியாயிடும்" என்றார் பயிற்சியாளர். 10 மீட்டர் ஆழத்தில் கெண்டைக்கால் சதை பிடித்து இழுத்தது. மேலே வந்ததும், "லேடீஸுக்குக் கால்ல பலம் பத்தாது" என்றார். ஒரு வருடம் அதை நம்பினேன்.

தொளதொளத்த ஃபின்ஸ் கழன்றுவிடாமலிருக்க விரல்களை மடக்கிப் பிடிக்கிறோம். அதில்தான் சதை பிடிக்கிறது என்று பிறகு ஒரு தோழி சொன்னாள். அவளும் டைவர். நீளமான, விறைப்பான தகடு என்றால் வலி இன்னும் கூடும். பாறைக் கரையில் நடந்து இறங்குபவர்களுக்குக் குதிகால் திறந்து பட்டை வைத்த வகை வேண்டும். உள்ளே பூட்ஸ் போடலாம். வெதுவெதுப்பான கடலில் படகிலிருந்து இறங்கும் எனக்கு, வெறுங்காலில் மாட்டும் முழுப்பாத வகையே போதும். மாட்டிக்கொண்டு உதறினால் கழலக் கூடாது, விரல் மடங்கக் கூடாது.

சொந்தமாக ஒரு ஜோடி வாங்கினேன்: குட்டையான, வளைந்துகொடுக்கும் தகடு. போன மாதம் அதே கடலில் 40 நிமிடம் நீந்தினேன். கால் அதே கால்தான். இனி யாராவது ரெண்டு சாக்ஸ் போடச் சொன்னால், 4 எங்கே என்று கேட்பேன்.